நான் டீத்தண்ணீரில் துடைத்த கண்ணாடி மேசை

தம்பி,

வைகாசியில் உனக்குக் கல்யாணம். பட்டு எடுத்தாயிற்று, பெண் வீட்டு ஊரான கொழிஞ்சாம்பாறையில் மண்டபம் பேசியாயிற்று, நம் எஸ்டேட் லயத்து ஆட்கள் எல்லோரும் போக வேன் வண்டியும் சொல்லியாயிற்று. ஒரு விஷயம் மட்டும் முடியாமல் கிடக்கிறது. முகூர்த்தத்துக்கு முன்னால் பெற்றவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, காலைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து நீ பாதபூஜை செய்ய வேண்டும். ஒரு நாற்காலியில் உன் அப்பா. இன்னொன்றில் யார்? உன்னைப் பெற்ற பேச்சியம்மாளின் படத்துக்கு மாலை போட்டு அதில் வைக்க வேண்டும் என்கிறாள் கம்பத்திலிருந்து வந்திருக்கும் உன் அத்தை. "ஒங்க சித்தி பின்னால நிக்கட்டும்ப்பா, அதுதான் மொற" என்று உன்னிடம் நேராகவே சொன்னாள். நீ "பாக்கலாம் அத்தை" என்றாய். உன் அப்பா பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டு, காதில் விழாதவள் மாதிரி இருந்தேன். எல்லாம் விழுந்தது.

நேரில் பேசலாம்தான். ஆனால் நேரில் பேசினால் நீ போனை எடுத்துப் பார்ப்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ சொல்வேன். அதனால் எழுதுகிறேன். இது ரகசியக் கடிதம் இல்லை. உன் அப்பாவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பப் போகிறேன். உனக்கு வரப்போகிற கோமதியும் படிக்கட்டும். அத்தை கேட்டால் அவளுக்கும் கொடு. நான் பத்தாவது வரை படித்தவள், கிடைத்த கதைப்புத்தகம் எதையும் விடாதவள், எழுத்துப்பிழை இருக்காது.

முதலில் அந்தக் கண்ணாடி மேசையைப் பற்றிப் பேசித் தீர்க்க வேண்டும். நம் இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது நிற்பது அதுதான். மூன்று இழுப்பறை, மேலே முகம் பார்க்கும் கண்ணாடி, ஆஞ்சிலி மரப் பலகை, இரும்புப் பூட்டுத் தகடு. வெள்ளைக்கார மேனேஜர்கள் காலத்துச் சாமான். உன் அம்மா பங்களாவில் சமையல் வேலை பார்த்தாள். ஒரு மேனேஜர் குடும்பம் மாற்றலாகிப் போகும்போது அந்த அம்மாள் இதை உன் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து நம் வாசலில் வைத்தபோது லயமே வேடிக்கை பார்த்ததாம். இரண்டு அறை வீட்டில் இவ்வளவு பெரிய சாமான் எதற்கு என்று உன் அப்பா கேட்டதற்கு, "அப்ப நீங்க வெளிய படுத்துக்குங்க" என்று உன் அம்மா சொன்னாளாம். இதை உன் அப்பாவே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார், கல்யாணமான புதிதில். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவள், ஒரு தகரப் பெட்டியோடு வண்டிப்பெரியாருக்கு வந்து இறங்கினேன். உள்ளே நுழைந்ததும் அந்தக் கண்ணாடியில் என் முகம்தான் முதலில் தெரிந்தது. அந்த வீட்டில் எனக்கு முன்னால் ஒருத்தி முகம் பார்த்த கண்ணாடி என்று தெரியும். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உனக்கு அப்போது நாலு வயது. அம்மா காய்ச்சலில் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு வருஷமும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டியவள் கம்பத்து அத்தை. தன் வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்து கிடந்தாள். அதை நான் எந்த நாளும் மறக்கவில்லை, நீயும் மறக்காதே. அவள் பேச்சில் முள் இருக்கும், ஆனால் கெட்ட மனுஷி இல்லை. பேச்சியம்மாளும் அவளும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்களாம். அந்த இடத்தில் இன்னொருத்தியைப் பார்க்க அவளுக்கு எப்படிப் பிடிக்கும்? என்னைச் சித்தி என்று கூப்பிட உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். அதில் எனக்குக் குறையே இல்லை. சித்தி என்று நீ கூப்பிடுகிற கூப்பாட்டுக்கு நான் ஃபேக்டரி வாசலிலிருந்து ஓடி வந்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். வந்த முதல் வருஷம் அந்த மேசையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். விற்றுவிடலாம் என்று உன் அப்பாவிடம் ஒரு தடவை கேட்கவும் வாயெடுத்தேன், கேட்கவில்லை. என் சேலையெல்லாம் தகரப் பெட்டியிலேயே இருந்தது. சீப்பு, எண்ணெய், பொட்டு எல்லாம் ஜன்னல் கட்டையில். "மேசைமேல வையேன், யாரு வேண்டாங்குறா" என்று உன் அப்பா சொன்னார். நான் வைக்கவில்லை. அடுத்தவள் இடத்தில் போய் உட்கார எனக்குக் கூச்சம். கூச்சம் பாதி, வீம்பு பாதி. அப்புறம் ஒரு ஆடி மாசம், மழை சாரல் அடித்துக்கொண்டிருந்தது, நீ இரண்டாம் வகுப்பு இருக்கும், நான் வேலை விட்டு வந்து பார்த்தால் என் சீப்பும் எண்ணெய்க் குப்பியும் மேசைமேல் இருக்கின்றன. "சித்தி, சீப்பு நனையுது" என்றாய். அதோடு வாய்ப்பாடு எழுதப் போய்விட்டாய். நான் அன்றைக்கு அடுப்படியில் போய் அழுதேன். இது உனக்குத் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது. இப்போது வாசித்துக் காட்டும்போதுதான் தெரியும். கல்யாணமாகி வரும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது சீப்பு வைக்க ஓர் இடம். குமுளியில் நீ பிடித்திருக்கும் மாடி வீட்டில் கோமதி எங்கே வைப்பாள் என்று பார்த்து வைத்துவிடு. அவள் கேட்கும்வரை காத்திருக்காதே.

துடைத்த கதைக்கு வருகிறேன். இந்த எஸ்டேட்டில் எந்த வீட்டில் டீத்தூளைக் கீழே கொட்டுகிறார்கள்? வாரம் முழுக்கக் காய்ச்சிய சக்கையைச் சேர்த்து வைத்து, சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரில் பழைய வேட்டித் துணியை முக்கி ஜன்னல் கட்டை, கதவு, கண்ணாடி எல்லாம் துடைப்போம். கண்ணாடி பளிச்சென்று இருக்கும், மரத்துக்கு ஒரு மினுமினுப்பு வரும், பூச்சியும் அண்டாது என்று ஒரு நம்பிக்கை. எனக்கு ஃபேக்டரியில் தூள் சலிக்கிற வேலை. அதனால் என் வீட்டுச் சக்கை மற்ற வீட்டுச் சக்கையைவிடக் கெட்டி. வாராவாரம் அந்த மேசையையும் துடைத்தேன். வெளிப்பக்கம் முழுக்க, இழுப்பறை முகப்பு, கால், பூட்டுத் தகட்டைச் சுற்றி. உள்ளே மட்டும் கை வைக்கமாட்டேன். தீபாவளி, பொங்கல் என்றால் அந்த வெளிப்பக்கத்துக்கே இரண்டு தரம். நீ பள்ளிக்கூடம் முடித்தாய், குமுளியில் ரிசார்ட் வேலைக்குப் போனாய், சனிக்கிழமைத் துடைப்பு மட்டும் நிற்கவில்லை. அது தப்பு என்று என்னிடம் யார் சொல்வார்கள்? லயத்தில் எல்லாரும் அப்படித்தானே.

மாசி மாதம் நீ வந்து, "சித்தி, இந்த மேசைய நானே ரெடி பண்ணி எடுத்துட்டுப் போறேன், கோமதிக்குப் புடிச்சிருக்கு" என்றபோது எனக்குச் சந்தோஷம். ரிசார்ட்டில் பழைய சாமான்களுக்கு, பாலைத் திரித்துச் செய்கிற பால் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்களாம், வெள்ளைக்காரர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்களாம். உடம்பு முழுக்க வானத்து நீலம், மேல்பலகை மட்டும் மர நிறத்திலேயே ஸ்டெயின் என்கிற மரச்சாயம் போட்டு விடுவது என்று போனில் படம் காட்டினாய். மழை தொடங்கினால் எதுவும் காயாது, மாசி பங்குனிக்குள் முடிக்க வேண்டும் என்றாய். அதெல்லாம் சரிதான். மேசையை வாசலுக்குத் தூக்கினோம். உன் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அதைச் சாக்காக வைத்து அவர் ஒரு வாரம் எந்த வேலையும் செய்யவில்லை. நீ வார லீவில் வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாய். பழைய வார்னிஷ் பொடியாகப் பறந்து துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் பழுப்பாகி, பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். பின்பக்கக் காலையும் மேல்பலகையில் ஒரு ஓரத்தையும் செல் அரித்திருந்தது. அதற்குப் புது ஆஞ்சிலி வாங்கி வந்து ஒட்டினாய்.

பெயின்ட் செய்த கூத்தை நீ மறந்திருக்கமாட்டாய். சொசைட்டிப் பாலை அப்படியே வாங்கி எலுமிச்சம்பழம் பிழிந்தாய். அந்த நேரம் பார்த்துத்தான் கம்பத்து அத்தை பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வந்தாள். கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று வந்தவள், வாசலில் கால் வைத்ததும் குண்டானில் பால் திரிந்து கிடப்பதைப் பார்த்தாள். "அடிப்பாவி, கல்யாண வீட்டுல பாலத் திரிய விட்டு வச்சிருக்கீங்களேடி!" என்று என்னைத்தான் கத்தினாள். எலுமிச்சம்பழம் உன் கையில் இருந்தது. நீ "பெயின்ட்டுக்கு அத்தை" என்றாய். பாலில் பெயின்ட் என்றால் அவள் நம்புவாளா? என்னவோ நான்தான் வேண்டுமென்று சகுனத்தைக் கெடுக்கிறேன் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அந்தப் பெயின்ட்டும் சரியாக வரவில்லை. ஆடை எடுக்காத பால், எண்ணெய்ப் பிசுக்காக நின்று, மறுநாள் வீச்சம் எடுத்தது. கோமதிதான் வீடியோ காலில் சொன்னாள்: "ஆடையெல்லாம் எடுத்துப் போட்டுட்டுத்தான் திரிக்கோணுமுங்க. எங்கூட்டுல வெண்ணெய் எடுத்த பாலுலதான் செவுத்துக்குச் சுண்ணாம்பு கலப்பாங்க." இரண்டாவது தரம் ஆடை நீக்கி, திரித்து, கழுவி, நீற்றிய சுண்ணாம்பைப் போட்டுக் குழைத்து, துணிக்கு முக்குகிற நீலத்தைக் கொஞ்சம் கலந்து வடிகட்டினாய். நல்ல பெயின்ட். நான் தொட்டுப் பார்த்தேன், தோசை மாவு பதத்தில் இருந்தது. அன்றைக்கே அடித்தாய். வெயிலில் காய்ந்ததும் சாயங்காலம் மேசை புதுசாக நின்றது. உண்மையிலேயே அழகாக இருந்தது, தம்பி. இந்த வீட்டில் இப்படி ஒரு நீலம் இருந்ததே இல்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் பழுப்பு. இழுப்பறை முகப்பில் நீலத்துக்கு மேலே பழுப்பு ஏறி வந்திருந்தது. வெறும் திட்டுத் திட்டாக இல்லை. வளைவு வளைவாக, என் கை போய் வந்த வழி அப்படியே தெரிந்தது. பூட்டுத் தகட்டைச் சுற்றி மசி ஊற்றின மாதிரி கறுப்பு. நான் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நீ கோமதிக்குக் காட்ட வீடியோ காலைப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாய். "இது எங்கருந்து வருது? தேய்ச்சுத்தானே விட்டேன்?" என்றாய். நான், "டீத்தண்ணி தம்பி. வாராவாரம் தொடச்சேன்ல, உள்ள ஊறிருக்கும்" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்க எனக்கு வராது.

அப்போதுதான் அத்தை அதைச் சொன்னாள். "அம்புட்டு வருசமா? அவ பொருளுன்னு பொறாமைலதான பண்ணுன? சாயம்போகட்டும்னுதான?" வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள், உள்ளே உன் அப்பா, போனில் கோமதி. எல்லோருக்கும் கேட்டது. நீ என்னைப் பார்த்தாய். அத்தையைப் பார்த்தாய். பிரஷ்ஷை டப்பாவில் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் குமுளி பஸ் ஏறிவிட்டாய். போகும்போது "வரேன் சித்தி" என்றாய். எப்போதும் சொல்வதுதான். ஆனால் அத்தை சொன்னதற்கு ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை.

எனக்கு வலித்தது. அத்தை சொன்னதைவிட நீ பேசாமல் போனதுதான் வலித்தது. நீ அதை நம்பினாயா, இல்லை நம்பவில்லை என்று சொல்லச் சங்கடப்பட்டாயா என்று ஒரு வாரம் எனக்குத் தெரியாது. தூள் சலிக்கும்போதும் அதே நினைப்பு. சூப்பர்வைசர் இரண்டு தடவை கத்தினார். இந்தப் பேசாமல் போகிற குணம் உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்த ஒரே சொத்து. அவரும் இப்படித்தான். யாராவது சண்டை போட்டால் பேப்பர், டிவி, இல்லையென்றால் வெற்றிலை. நல்ல மனுஷன், ஆனால் அவர் வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காததால் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கோமதிக்கு நீ அதைச் செய்யாதே. அவள் பெரிய விவசாயக் குடும்பத்துப் பெண், நெல், தென்னை, மாடு என்று வளர்ந்தவள். இங்கே மலைக்கு வந்தால் யாராவது ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். அவள் பேச்சைக் கேலி செய்வார்கள், அவள் சமையலைக் குறை சொல்வார்கள். சொல்கிறவர்கள் உனக்கு வேண்டியவர்களாகவே இருப்பார்கள். அந்த நேரம் நீ கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினால், அவள் உன்னை மன்னித்துவிடுவாள், ஆனால் மறக்கமாட்டாள். ஒரு வார்த்தை போதும். "அப்படிச் சொல்லாதீங்க" என்று ஒரு வார்த்தை. அதற்கு என்ன செலவு?

மறுநாள் கோமதி எனக்குத் தனியாகப் போன் செய்தாள். இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். "ஏனுங்க அத்தை, சாப்ட்டீங்களா?" என்று ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் அவர்கள் வீட்டு மாடு கன்று போட்ட கதை பேசினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அந்த மேசைய வாராவாரம் எதுக்குங்க தொடைச்சீங்க? அதோட இழுப்பறைல நீங்க ஒண்ணும் வைக்கலீன்னு அவரு சொன்னாரு." "சும்மாதான் கண்ணு" என்றேன். சும்மா இல்லை. யோசித்துப் பார்த்தேன். வந்த புதிதில் பயத்தில் துடைத்தேன். அடுத்தவள் பொருளைத் தூசி படிய விட்டால் யாராவது வந்து கேட்பார்கள் என்ற பயம். அப்புறம் நீ அந்த மேசையில் வைத்து எழுதினாய், மசி சிந்தினாய், மாம்பழக் கையை வைத்தாய். அதற்காகத் துடைத்தேன். அதற்கும் அப்புறம், உன் அம்மா இருந்திருந்தால் இதை இப்படித்தான் வைத்திருப்பாள் என்று ஒரு நினைப்பு. நான் பார்த்தே இராத ஒருத்திக்கு வாரம் ஒரு தடவை செய்கிற வேலை மாதிரி ஆகிவிட்டது. பொறாமை இருந்ததா என்றால், முதல் வருஷம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் துணியைப் பிடித்த கையில் அது இல்லை. இதுதான் பதில். அத்தைக்கும் இதுதான்.

அடுத்த வாரம் நீ ஒரு குப்பி அரக்கு பாலிஷோடு வந்து இறங்கினாய். "கடைக்காரர் சொன்னாரு, இத அடியில பூசுனா கறை மேல ஏறாதாம்" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தாய். நீலத்தைச் சுரண்டி, அரக்கு பூசி, காயவிட்டு, லேசாகத் தேய்த்து, மறுபடி பால் திரித்தோம். அத்தை அந்த நேரம் மட்டும் கோயிலுக்குப் போய்விட்டாள். இந்தத் தடவை நீலம் நின்றது. பூட்டுத் தகட்டுப் பக்கம் மட்டும் ஒரு நிழல் மாதிரித் தெரிகிறது, அது இனிமேல் போகாது.

மேல்பலகைதான் பாடாய்ப் படுத்தியது. பழைய பலகை நன்றாக முற்றின கருந்தேன் நிறத்தில் இருந்தது. ஓரத்தில் ஒட்டின புதுத்துண்டு வெளிறின மஞ்சள். நீ வாங்கி வந்த ஸ்டெயினைத் தடவினால் செக்கச்செவேல் என்று வேறு வீட்டுப் பலகை மாதிரி நின்றது. துடைத்தாய், வேறொன்றைக் கலந்தாய், மறுபடி தேய்த்தாய். மதியம் ஆகிவிட்டது, உனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கோமதி போனில், "அத்த தொடச்ச டீத்தண்ணியவே இதுக்கும் போட்டுப் பாக்கலாமில்லீங்களா" என்றாள். நீ கையிலிருந்த துணியைக் கீழே போட்டாய். அப்புறம் உள்ளே வந்து, "சித்தி, கொஞ்சம் டிகாஷன் போடுங்க. கெட்டியா" என்றாய். போட்டேன். இரண்டு தடவை பூசி, நிறம் இன்னும் கறுக்கத் துருப்பிடித்த ஆணி போட்ட வினிகரைக் கொஞ்சம் தொட்டு, அதற்கு மேலே உன் ஸ்டெயினையும் தண்ணியாக ஒரு கை கொடுத்ததும்தான் பக்கத்துப் பலகையோடு ஓரளவு சேர்ந்தது. உற்றுப் பார்த்தால் இப்போதும் தெரியும். பரவாயில்லை, உற்றுப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நீ என்னிடம் டிகாஷன் கேட்டதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். நீ அதற்காகத்தான் கேட்டாயா என்று எனக்குத் தெரியாது. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், அது என் விருப்பம். மேசை விஷயம் அதோடு தீர்ந்தது. இழுப்பறைகளைக் காலியாகவே அனுப்புகிறேன், உள்ளே எப்போதும் நான் எதுவும் வைத்ததில்லை. கோமதி வைக்கட்டும்.

ஆனால் நாற்காலி தீரவில்லை. கல்யாணம் நெருங்குகிறது, நீ இன்னும் "பாக்கலாம்" என்கிறாய். உனக்கு என்ன தயக்கம் என்று தெரிகிறது. அம்மா படத்தை வைக்காவிட்டால் அவளை மறந்துவிட்டான் என்று ஊர் சொல்லும். வைத்தால் நான் வருத்தப்படுவேன். அத்தை மனசும் நோகக் கூடாது. எல்லோருக்கும் நல்லவனாக இருக்க ஆசைப்பட்டு ஒருவருக்கும் பதில் சொல்லாமல் இருக்கிறாய். இப்படியே விட்டால் கடைசி நிமிஷத்தில் மண்டபத்தில் யாரோ ஒருவர் படத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், நான் பின்னால் போய் நின்றுகொள்வேன், நீ தலையைக் குனிந்துகொண்டு கழுவிவிட்டு எழுந்துவிடுவாய். அப்புறம் நாம் இருவரும் அதைப் பற்றி எந்தக் காலத்திலும் பேசமாட்டோம். எனக்கு அது வேண்டாம்.

அதனால் நானே சொல்கிறேன். இதுவரைக்கும் உன்னிடம் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். உன்னை வளர்த்ததற்குக் கூலி மாதிரிக் கேட்கவில்லை. எனக்கு ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். உன் கல்யாணத்தில், உன் அப்பா பக்கத்தில், எல்லோரும் பார்க்க உட்கார வேண்டும் என்று ஆசை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

உன் அம்மாவை வெளியே நிறுத்தச் சொல்லவில்லை. படத்தை நாற்காலியில் வைக்க வேண்டாம், என் மடியில் வைத்துக்கொள்கிறேன். மாலை என் கழுத்தில் ஒன்றும் வேண்டாம், அவளுக்குப் போடு. அத்தையிடம் இதை நீ சொல்ல வேண்டும், நான் சொல்லமாட்டேன். நான் சொன்னால் சண்டை, நீ சொன்னால் முறை. அவள் கோபப்படுவாள், அழுவாள், அப்புறம் அவளே வந்து படத்துக்குப் பொட்டு வைப்பாள். எனக்கு அவளைத் தெரியும். அதற்கு மேலும் ஒத்துக்கொள்ளாவிட்டால் இதையும் சொல்: நம் வீட்டில் பேச்சியம்மாளுக்கு இருப்பது ஒரே படம், அதுவும் மார்பளவுப் படம். கழுவுவதற்குக் கால் என்னிடம்தான் இருக்கிறது. அழகான கால் இல்லை, வெடித்துக் கிடக்கிறது. மஞ்சள் பட்டால் எரியும், பார்த்து மெதுவாகக் கழுவு.